ஒரு விரல்கடை வயர்

வருடக் கடைசித் துப்புரவு முடிந்து எங்கள் ஒசாகா ஆய்வுக்கூடம் பளபளவென்று இருந்தது. என் லேசர் துடிப்பு மட்டும் செத்துப்போயிருந்தது. காலையில் திரையில் ஊசியாய் நின்ற கோடு இப்போது சோற்றுக் குவியலாய்ச் சரிந்து கிடந்தது. நிதிக் குழு வந்துகொண்டிருக்கிறது. அவர்கள் அந்த ஊசியைப் பார்த்தால்தான் ஏப்ரலுக்குப் பிறகு எனக்கு இங்கே வேலை.

பேராசிரியர் உமெசாகி தலையில் துண்டும் கையில் துடைப்பமுமாக எட்டிப்பார்த்தார்.

"என்னம்மா தெரானிஷி, குப்பையோட பல்ஸையும் பெருக்கித் தள்ளிட்டியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் லேசர், குழாய்த் தண்ணீர் மாதிரி நிற்காமல் வருவது. அதைப் படிகத்துக்குள் விட்டு மின்சாரத்தால் நொடிக்கு ஐநூறு கோடித் தடவை உலுக்குகிறோம். உலுக்கியதில் நிறம் மாறிய ஒளி, நீண்ட கண்ணாடி இழைக்குள் ஓடும்போது பின்னது முன்னதை எட்டிப் பிடித்து, நகக்கனத்துக்குள் மொத்தமும் வந்து சேரும். உலுக்கலின் ஒரு பாதிதான் இப்படிக் குவியும். மறுபாதி சிதறும். அதை மறிக்க வழியில் ஒரு கதவு, அதே தாளத்தில் திறந்து மூடுகிறது. ஒளியும் ஆட்கள் மாதிரிதான்: அமகசாகித் துறைமுகத்தில் கப்பல் உடைத்த என் அப்பாவின் கூட்டம், நாளெல்லாம் அசையாத இரும்புத் தகட்டை ஒரே மூச்சில் சேர்ந்து இழுத்து நகர்த்தும். அதே ஆட்கள், அதே பலம். ஒருத்தன் மூச்சுத் தவறினால் கயிறு உள்ளங்கையை உரித்துவிடும்.

அந்தக் கதவுக்குத் தாளத்தைக் கொண்டுபோகும் வயரைப் பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"சார்... இந்த வயர் ரொம்ப அழகா இருக்கே."

"நான்தான் மாத்தினேன். பழசு தொங்கிக்கிட்டு அசிங்கமா..." வாய் அப்படியே நின்றது. "எவ்வளவு கொறைஞ்சிருக்கும்?"

"ஒரு விரல்கடை."

"அரைத் தாளம் முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கு! நல்ல பாதிய மறிச்சுட்டு கெட்டத உள்ள விட்டிருக்கு. அடச்சே, பெருக்கித் தள்ளினது நான்தானா!"

துடைப்பத்தை எறிந்துவிட்டு முட்டிபோட்டுக் குப்பை மூட்டைகளைக் கிழித்தார். தேயிலைச் சக்கை, காகிதக் கோப்பை, ஆரஞ்சுத் தோல். நடைவழியில் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"இந்தா, பழைய வயர், பிடி!"

ஈரத்தைத் துடைத்துத் திருகி மாட்டினேன். குவியல் நடுங்கியது. இரு பக்கமும் வற்றி உள்வாங்கி, நடுவில் விருட்டென்று எழுந்தது. மூன்று வருடமாகப் பார்க்கிறேன். இன்றும் மயிர் கூச்செறிந்தது.

அறைக் கதவு திறந்தது. கோட்டுப் போட்ட நாலு பேர், தரையெங்கும் குப்பை. உமெசாகி எழுந்திருக்கவில்லை. வணக்கமும் சொல்லவில்லை. முழங்கையில் ஒட்டிய தேயிலையோடு, முட்டிபோட்டபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையிலிருந்து வயர் அசிங்கமாகத் தொங்கியது.