கோடு போட்ட இரண்டு கட்டங்கள்

தம்புசாமி யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் காப்பாரில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டியவர். எடை மிஷினைக் குனிந்து தன் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். அப்பேர்ப்பட்டவர் கிள்ளானில் ஒரு புது மருந்துச் சோதனைக்குக் கையெழுத்துப் போட்டார் என்றால், வயிற்று வலி அந்தப் பாடு படுத்தியிருந்தது. வயிற்றில் கிருமி. பழைய மருந்து இரண்டு தடவை கொடுத்தும் சாகவில்லை.

முதல் நாளே டாக்டர் ஷபானாவை மடக்கினார்.

"எனக்குக் குடுக்கிறது புதுசா, பழசா?"

"எனக்கே தெரியாது அங்கிள். கம்ப்யூட்டர்தான் பிரிச்சுக் குடுக்குது."

"குடுக்கிற உங்களுக்கும் தெரியாது, முழுங்குற எனக்கும் தெரியாது. நல்ல கூத்துலா!"

இருந்தாலும் முழுங்கினார். பதினாலு நாள், காலையும் மாலையும், சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு மாத்திரை. முழுங்கிய வேளைக்கு அட்டையில் ஒரு டிக். அந்த வேலை மகள் அமுதவள்ளியுடையது.

அட்டையைத் திருப்பிக் கொடுக்கிற அன்று, மருத்துவமனை வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கிற தொழிற்சாலைக்கு ஷிப்டு ஓடுகிற அவசரத்தில் ஒரு டிக்கூடப் போடவில்லை. ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து இருபத்தெட்டு கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பினாள்.

"ஏய், ரெண்டு சனிக்கிழமை காலையில நான் முழுங்கல. அந்த மாத்திரை பையிலதான் இருக்கு."

"ஏம்பா?"

"புரட்டாசிம்மா. பெருமாளுக்குப் படைக்காம நான் என்னைக்குச் சாப்பிட்டிருக்கேன்? அவங்க சாப்பிட்ட பிறகுதானே முழுங்கச் சொன்னாங்க?"

"இதைச் சொன்னா சோதனையில இருந்து வெளிய அனுப்பிடுவாங்க. கிருமி செத்துச்சான்னு அப்புறம் யாரு பாக்குறது? அந்த ரெண்டையும் குப்பையில போட்டுட்டுப் பேசாம வாங்க."

பேசாமல்தான் போனார். டாக்டர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு வேளைகூட விடல. வெரி குட், அங்கிள்."

அந்த வெரி குட்டைத் தம்புசாமியால் முழுங்க முடியவில்லை. ஊரில் ஒருத்தனும் உண்மை பேசுவதில்லை என்று திட்டித் திரிந்த வாய் அது. சட்டைப் பையில் கைவிட்டு இரண்டு மாத்திரையையும் மேசையில் வைத்தார்.

"அந்த டிக் பொய். இது ரெண்டும் உள்ள போகல. விரதம். அனுப்புறதுன்னா அனுப்பிடுங்க."

அமுதவள்ளி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யார் அனுப்பப் போறா?" என்றார் டாக்டர். "விரதக்காரங்க என்ன செய்யணும்னு எங்க தாள்ல ஒரு வரி இல்ல. அது எங்க தப்பு. நாளைக்கு இந்த மருந்து கடைக்கு வந்தா அவங்களும்தானே சாப்பிடுவாங்க? நீங்க மறைச்சிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

அட்டை அன்றுதான் நிரப்பப்பட்டது என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த இரண்டு டிக்கின் மேல் ஒவ்வொரு கோடு இழுத்து, பக்கத்தில் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற கை. லோரி நம்பர் பிளேட் மாதிரி பெரிய எழுத்தில் இரண்டு தடவை பெயரை எழுதினார்.

ஒரு மாதம் கழித்து, கிருமி செத்ததா என்று பார்க்க ஒரு பையில் மூச்சை ஊதச் சொன்னார்கள். டயருக்குக் காற்றடிப்பது போல் ஊதினார். கிருமி இல்லை என்று வந்தது.

அன்று மதியம் சாப்பாட்டுக் கடையில், காரமான மிளகாய்ச் சம்பாலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவரைப் பார்த்துக் கூட்டாளி கன்னையா வாயைப் பிளந்தார். "புது மருந்தா வேலை செஞ்சது?"

"அது யாருக்குத் தெரியும்? முடிவு வர வருஷமாகுமாம்." தம்புசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. நாளைக்கு அந்த மருந்துத் தாள்ல விரதக்காரங்களுக்குன்னு ஒரு வரி இருந்துச்சுன்னா, அது நான்தான்லா."