பால்மா ரின்னில் சாம்பல்

என் மனுசன் யேசுரட்ணம் மீன் வாங்குவதை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்கவேண்டும். ஸ்காபரோவில் எந்த மீன்கடைக்குப் போனாலும் செவுளைத் தூக்கிப் பார்த்து, மணந்து, விரலால் அமத்தி, பாதி நாள் ஒன்றும் வாங்காமலே திரும்பி வருவார். அப்படிப்பட்டவரிடம் சாம்பல் உறிஞ்சும் வக்கியூம் ஒன்று வாங்கச் சொன்னது என்னுடைய பிழைதான்.

மூன்று வருடத்துக்கு முன் முன்னறையில் பெலற் அடுப்பு ஒன்று பூட்டினார். மரத்தூளை அழுத்திக் குளிசை மாதிரிச் செய்து பையில் விற்கிறார்களே, அதை எரிக்கிற அடுப்பு. சூட்டில் ஒரு குறையும் இல்லை, சாம்பல்தான் தொல்லை. முதல் மாரிக் குளிரிலேயே வீட்டு வக்கியூமால் அள்ளப் போனார். மாவைவிட மெல்லிய சாம்பல், முன்னால் இழுத்ததெல்லாம் பின்னால் பறந்து வந்தது. மாதா சுரூபம் தொடக்கம் கதிரை வரைக்கும் நரைத்துப்போயிற்று. அதற்குப் பிறகு தும்புக்கட்டையால் கூட்டித் தகரத் தட்டில் அள்ளுவதுதான். கோயிலில் நெற்றிக்குச் சாம்பல் பூசுகிற விபூதிப் புதன் ஊருக்கெல்லாம் வருடத்துக்கு ஒருநாள், எங்கள் வீட்டில் கிழமைக்கு ஏழு நாள்.

இந்த மாரி அந்தத் தூசியில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தெரு அமிர்தநாதரை, இரண்டு கிழமை கழித்து வருகிற சனிக்கிழமை வானோடு வந்து அடுப்பை ஏற்றிப்போகச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு கிழமை தாறன், அந்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கான வக்கியூம் வரவேணும். இல்லையெண்டால் அடுப்பு அமிர்தநாதரண்ணைக்கு," என்று இவருக்குச் சொன்னேன்.

மனுசன் பதினாறு நாள் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தார். பிளாஸ்ரிக் உருகிவிடுமாம், இரும்புத் தொட்டிதான் வேண்டுமாம், வடிகட்டி இரண்டு அடுக்கு வேண்டுமாம். கடைசியில் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் றிச்மண்ட் ஹில் பக்கம் ஓர் அடுப்புக் கடைக்குப் புறப்பட்டார், நானும் கூடவே. அவர் கையில் மூடி போட்ட பழைய பால்மாத் தகர ரின் ஒன்று.

"உது என்ன?"

"சாம்பல். முந்தாநாள் அள்ளினது, நல்லா ஆறீட்டுது. போட்டு இழுத்துப் பாக்காமல் எப்பிடி வாங்கிறது?"

யேசுவே, நான் என்ன பாவம் செய்தேன்.

கடையில் நின்ற பிள்ளையின் சட்டையில் துர்க்கா என்று பெயர் குத்தியிருந்தது. இவர் ரின்னை இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் வைத்து, "பிள்ளை, உதுக்குள்ள சாம்பல் கிடக்கு," என்றார். அந்தப் பிள்ளை நெஞ்சில் கையை வைத்துவிட்டாள்.

"ஐ ஆம் சோ சொறி, அங்கிள். ஆர் செத்தது?"

"இன்னும் ஒருத்தரும் சாகேல்லை, பிள்ளை," என்றேன் நான். "இவர் இண்டைக்கும் வக்கியூம் வாங்காட்டி ஒருத்தர் சாவார்."

அவள் சிரித்துச் சிரித்து எங்களைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனாள். இவர் ஆகக் குறைந்த விலையில் இருந்ததைத்தான் முதலில் காட்டினார், வேறென்ன. அது காற்று விடுகிற பக்கத்தில் சட்டைப்பையில் இருந்த தன் வெள்ளை லேஞ்சிக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, "போடு பிள்ளை," என்றார். லேஞ்சி சாம்பலாயிற்று, இவர் முகமும் சாம்பலாயிற்று. எனக்கு இருமல் வந்தது பாருங்கள், நிற்க முடியவில்லை. துர்க்கா கதிரை இழுத்துப் போட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது இவர் ரின்னை மூடிவிட்டிருந்தார்.

"காணும். வா, போவம். அமிர்தநாதர் கொண்டுபோகட்டும்."

"மற்றதுகளைப் பாக்கேல்லையே?"

"உன்ர இருமலைவிட அடுப்பு பெரிசே?"

வாசல் பக்கம் திரும்பிவிட்டார். எல்லா மீனையும் தொட்டுப் பாராமல் ஒரு கடையை விட்டு வெளிக்கிட்ட மனுசன் இல்லை இவர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த அடுப்பு எதற்கென்ற மற்றப் பாதியை ஏன் சொல்கிறார் இல்லை? விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற குளிரறையில் இருபத்திரண்டு வருடம் நின்று என் விரல்கள் பழுதாகிப்போயின. மாரி வந்தால் வீங்கும், சட்டைப் பொத்தான் பூட்ட முடியாது. இவர்தான் பூட்டிவிடுவார். அடுப்பு வந்த பிறகு, விடிய எழும்பி அதை மூட்டி, என் கதிரையை அதற்குப் பக்கத்தில் இழுத்து வைக்கிறார். மூன்று மாரியாக என் பொத்தானை நானே பூட்டுகிறேன். ஊருக்கு மட்டும், "அது அவற்ர விளையாட்டுச் சாமான்," என்று சொல்லித் திரிகிறேன். எனக்கு வாய்க்கொழுப்பு.

"துர்க்கா, அந்த இரும்புத் தொட்டி வச்சதை எடு பிள்ளை," என்றேன். "இஞ்சாருங்கோ, ரின்னைத் திறவுங்கோ. மற்ற லேஞ்சியையும் எடுங்கோ. ரெண்டு கொண்டுவந்திருப்பியள் எண்டு எனக்குத் தெரியும்."

கொண்டுதான் வந்திருந்தார். ரின் வெறுமையாயிற்று, லேஞ்சி மடிப்புக் கலையாமல் வெள்ளையாகவே இருந்தது. மனுசன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு மணந்தும் பார்த்தார்.

"நாறேல்லைத்தானே? அப்ப வாங்குவம்," என்றேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அமிர்தநாதர் வானோடும் கயிறோடும் வந்து நின்றார். இவர் முழங்காலில் நின்று, ஆறிய அடுப்புக்குள் தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். வீடெல்லாம் அந்தச் சத்தம்.

"என்ன தங்கச்சி, அடுப்பைத் துப்புரவாக்கித் தாறியளோ?"

"இல்லை அண்ணை, தரமாட்டன். அது இவர் என்ர கைக்கெண்டு வாங்கினது. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

சத்தம் நின்றது. இவர் அடுப்புக்குள் இருந்து தலையை எடுத்தார்.

"என்ன சொன்னனீ?"

"ஒண்டுமில்லை. மூலையில இன்னும் கிடக்கு, இழுங்கோ."