வழிவிட்ட புளியமரம்

வியாகுலம் இறந்துபோன சேதியைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் பாப்பாத்திதான் தியாகதுருகத்துக்கு நடந்தே வந்து சொன்னாள். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்த வாரம் அது. அக்கா உபகாரமேரி ஒப்பாரி வைத்துக்கொண்டு உட்காரவில்லை. தம்பியை அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ராஜாங்கத்தின் மாட்டுவண்டியில் கிளம்பிவிட்டாள்.

பாதி வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அரிவாளோடு நின்றவர்கள் மறித்தார்கள்.

"எங்கம்மா போற?"

"தம்பி செத்துட்டான்பா. பட்டாளத்துல இருந்தவன். எடுத்தாரப் போறேன்."

ஆளுக்கொரு கை கொடுத்து மரத்தை நகர்த்தினார்கள்.

"பொணத்த யாருனா மறிப்பாங்களா? எடுத்துக்கினு வாம்மா. அதுவரைக்கும் இப்டியே வச்சிருக்கோம்."

ஆஸ்பத்திரியில் கட்டில் காலி. அனாதைப் பிணம் என்று தாலுகா ஆபீஸ் உத்தரவில் காலையிலேயே கொண்டுபோய்ப் புதைத்தாயிற்றாம்! உபகாரமேரி நேரே தாலுகா ஆபீசுக்குப் போனாள். அங்கே வருவாய் ஆய்வாளர் அரங்கநாதன் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தார். போன மாதம் சுதந்திர தினத்தில் வியாகுலத்தைக் கொடிக்கம்பத்தடியில் நிறுத்தி, 'நம்ம ஊரு சிங்கம்' என்று முதுகில் தட்டிய அதே மகானுபாவர்.

"சிங்கம் எப்ப சார் அனாதையாச்சி?"

"ரோடெல்லாம் மரம்மா. எப்படிச் சொல்லியனுப்புறது?"

"பொணம்னதும் மரத்தயே நவுத்தி வழி வுட்டாங்க சார். நீங்க ஒரு வார்த்த கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்துல பொணம் ரோட்டுக்கு வந்தா ஊர்வலமாயிடும். மேலேருந்து கேட்டா நான் இன்னாம்மா பதில் சொல்றது?"

அடப்பாவிகளா! எல்லையில் பனியில் நின்று இவர்களைக் காத்தவன். அவன் பிணத்தைப் பார்த்து இவர்களுக்குப் பயமாம். அந்தப் பயத்தில் குப்பை வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார்கள்.

ஆற்றங்கரையில் மூன்று புது மண்மேடுகள். எது வியாகுலம் என்று வெட்டியானுக்கே தெரியவில்லை. தோண்டிப் பார்க்க உத்தரவு வேண்டுமாம். உத்தரவு போடுகிறவர் போராட்டம் ஓய்ந்த பிறகுதான் வருவாராம். உபகாரமேரி மூன்று மேட்டின் முன்னாலும் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுவிட்டு வண்டியேறினாள்.

சாயங்காலம், வண்டியைத் தூரத்தில் கண்டதுமே மரத்தடி ஆட்கள் எழுந்தார்கள். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். அவர்கள் சொன்னபடியே மரம் விலகிக் கிடந்தது. வண்டியில் வெறும் வைக்கோல்தான் இருந்தது.

"இன்னாம்மா, தம்பி எங்க?"

"உங்களப் பாத்து பயந்துக்கினு ஆபீசருங்க பொதச்சிட்டாங்கப்பா," என்றாள் உபகாரமேரி.

வண்டி கடந்துபோன பிறகும், மரத்தை மறுபடி இழுத்துப் போட ஒருவருக்கும் கை வரவில்லை.