தகரத் தொட்டியில் வினிகர்

வெர்னாவின் கோழிகள் சாக ஆரம்பித்தது ஈஸ்டர் முடிந்த வாரம். முதலில் மேபல். இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றது. கொண்டை வெளுத்துப் போய், எச்சம் பச்சையாக இருந்தது. வெர்னா கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற ரகமில்லை. இறகை விலக்கிப் பேன் தேடினாள், தீனிப்பையை அமுக்கிப் பார்த்தாள், பூச்சி மருந்து கொடுத்தாள். மறுநாள் மேபல் விறைத்துக் கிடந்தது.

போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போன பிறகு, அவள் கணவர் டெஸ் காலையில் கட்டிலை விட்டு எழுவதே கோழிகளுக்காகத்தான். கொட்டகையோரம் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒன்று மாற்றி ஒன்று மடியில் ஏறும். அவையும் போய்விட்டால் மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்தே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

தீவனக் கடை ராய்லீனிடம் போய் நின்றாள்.

"தண்ணியில ஆப்பிள் வினிகர் ஊத்துறியா இல்லியாடி?"

"எப்பவும் ஒரு மூடி ஊத்துவேன்."

"ஒரு மூடியா? கஞ்சப் பிசினாறி! தாராளமா ஊத்து. எங்க வீட்டுக் கெழட்டுக் கோழிங்க அதக் குடிச்சிட்டு என்னைவிட நல்லாத் துள்ளுதுங்க."

அந்த ஊரில் கோழி வளர்க்கிற அத்தனை பேரும் செய்வதுதான். சளிக்கும் வினிகர், பூச்சிக்கும் வினிகர். வெர்னா தகரத் தொட்டியில் பாதி பாட்டிலைக் கவிழ்த்தாள். தொட்டி டெஸ் செய்தது. ஆயுசு முழுக்கத் தகரம் வளைத்துப் பண்ணைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி அடித்துக் கொடுத்தவர் அவர்.

டெஸ் குனிந்து முகர்ந்து பார்த்தார். அப்புறம் காலால் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். பாழாய்ப்போன கால் இடறிவிட்டதென்று நினைத்து அவள் மறுபடி நிரப்பினாள். இந்த முறை ஊன்றுகோலால் தள்ளினார்.

"என்னய்யா பண்றே? மருந்துய்யா அது! யாருக்காக இந்தப் பாடு படறேன்? உனக்காகத்தானே!"

டெஸ்ஸின் தொண்டைக்குள் என்னவோ கரகரத்தது. கோலால் தொட்டியின் விளிம்பை டங் டங்கென்று தட்டினார். வெர்னாவுக்குப் பொறுமை போய்விட்டது. கோலைப் பிடுங்கிக்கொண்டு, அவரைச் சமையலறையில் உட்கார வைத்துப் பின்கதவைப் பூட்டினாள். கோழிகள் நிம்மதியாகக் குடிக்கட்டுமே! அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பின் தினமும் அப்படித்தான்.

அடுத்து டாட்டி என்கிற கோழி செத்தது. பழுப்புக் கோழிகள் இரண்டும் கால் விழுந்து செத்தன. ஒவ்வொன்று போகப் போக அவள் வினிகரைக் கூட்டினாள்.

கடைசியில் செத்த கோழி ஒன்றைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். அந்தப் பெண் அதை அறுத்து, ஈரலைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் கூப்பிட்டாள்.

"துத்தநாக விஷம். தண்ணி எதுல வைக்கிறீங்க வெர்னா?"

"தகரத் தொட்டியில."

"அதுல ஏதாவது கலக்குறீங்களா?"

வெர்னா சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தாள்.

"புளிப்பு பட்டா தகரத்து மேல இருக்கிற துத்தநாகப் பூச்சு கரைஞ்சு தண்ணியில எறங்கிடும். பிளாஸ்டிக்ல வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

வெர்னா காரை வழியில் நிறுத்திவிட்டு, கோதுமை வயலைப் பார்த்து ஓவென்று அழுதாள். அவரைப் பூட்டி வைத்துக் கோழிகளைக் கொன்றிருக்கிறாள். தகரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாமல் வேறு எவனுக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்தபோது மிச்சமிருந்த ஒரே கோழியும் கண் மூடியிருந்தது. கதவைத் திறந்து அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"நீ சொன்னேய்யா. இந்த மரமண்டைக்குத்தான் புரியல. நானே கொன்னுட்டேன்."

ராத்திரி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். டெஸ் டம்ளரை இடது கையில் வாங்கி, மூக்கருகே பிடித்து முகர்ந்தார். உள்ளே பார்த்தார். பிறகு அவளிடமே நீட்டினார்.

அவள் ஒரு மிடறு குடித்தாள். அது தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறந்தார். அன்றிலிருந்து எல்லா வேளையும் முதல் வாய் அவளுடையது.