நான்காம் எண் ஊர்

எங்கள் ஊருக்கு மழை வருகிறதோ இல்லையோ, ஆராய்ச்சி பண்ண ஆள் வந்துவிடும். புதூர் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். கரிசலில் விழுந்த வெடிப்பை அளந்து பார்க்க ஒரு பையன் வந்தான். ஆடு எங்கே மேய்கிறது, என்ன தின்கிறது என்று எழுதிக்கொண்டு ஒரு பெண் ஆட்டுக்குப் பின்னாலேயே அலைந்தாள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்களின் விரல்களைப் பார்க்க இரண்டு பேர். நாங்கள் சண்டை போடுகிற பேச்சைப் பதிவு செய்ய ஒருவர். சண்டை இல்லாத நாளில் அவர் பாவம் முகம் வாடித் திரும்பிப் போவார்.

எல்லோரும் வந்து சேர்கிற இடம் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் செல்லத்துரை ஒரு தடவை வார்டு மெம்பராக இருந்தவர். பதவி போய் எத்தனையோ காலம் ஆகியும் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறோம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆள் பிடித்துத் தருவது அவர் வேலை, காபி போட்டுத் தருவது என் வேலை. சொந்தக் காட்டில் களை எடுக்கக் கூப்பிட்டால் மட்டும் அவருக்கு இடுப்பு வலி வரும்.

ஊரில் இரண்டு தண்ணீர் உண்டு. தெற்கே அடிபம்பில் வருவது உப்பு. துணிக்கும் ஆட்டுக்கும் அது. வடக்கே போர் போட்டு, தொட்டி கட்டிக் குழாய் வைத்திருப்பது நல்ல தண்ணீர். சும்மா குடித்தாலே இனிக்கும். அந்தப் போரைப் போட வைத்தவர் என் வீட்டுக்காரர். அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு நாள் விடியாது. விருந்தாளிக்கும் சின்னப் பிள்ளைக்கும் எவ்வளவு தூரமானாலும் அந்தத் தண்ணீரைத்தான் சுமந்து வருவோம்.

போன மாதம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக் கண்காட்சி என்று அழைப்பு வந்தது. உதவி செய்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை செய்கிறார்களாம். கோவில்பட்டியிலிருந்து வேன். இவர் வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டு வைத்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தார். மகள் ஜெயப்பிரியாவையும் வரச் சொன்னோம். மருமகன் திருப்பூரில் இருப்பதால் அவள் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு எங்களிடம்தான் இருக்கிறாள். கூட்டத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். கூட்டம் என்றாலே வாயைக் கையால் மூடிக்கொள்கிற பிள்ளை அவள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. துறைக்கு ஒரு தட்டி வைத்து, தட்டி நிறையப் படங்களும் எழுத்துமாக ஒட்டியிருந்தார்கள். முதல் தட்டியில் எங்கள் பெரிய கிடா நின்றது. அடுத்ததில் எங்கள் காட்டு வெடிப்பு. இன்னொன்றில் புதியம்புத்தூர் தையலுக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸில் தூங்கி விழுகிற படம்.

“ஏட்டி வள்ளித்தாய், இங்கன வந்து பாரு” என்று இவர் ஒவ்வொரு தட்டிக்கும் என்னை இழுத்தார். “மண்ணுல இருந்து மனுசன் வரைக்கும் ஒண்ணையும் விடல. அம்புட்டும் நம்ம ஊரு.”

“நம்ம ஊருதான். பேரை எங்க காணும்?” என்று கேட்டேன்.

எந்தத் தட்டியிலும் ஊர்ப் பெயர் இல்லை. ஒன்றில் ‘கரிசல் கிராமம்’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘ஓர் ஊர்’. இவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் கிடாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் ஒரு தட்டியில் வாய்களாக இருந்தன. முகம் இல்லை, கண் இல்லை. உதட்டை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் பற்கள் மட்டும். எல்லாம் காவி ஏறிய பற்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பல பேருக்கு அப்படித்தான். இதையுமா படம் பிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நடுவில் ஒரு வாய். முன்பல்லில் ஓரம் உடைந்திருந்தது. கீழுதட்டில் மிளகு அளவுக்கு மச்சம்.

பெற்றவளுக்கு முகம் வேண்டுமா? ஏழாம் வகுப்பு படிக்கையில் சைக்கிளிலிருந்து விழுந்து அவள் பல்லை உடைத்துக்கொண்டதற்கு மருந்து போட்டவள் நான்.

“இது நம்ம ஜெயா” என்றேன். இவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, “அண்ணாச்சி” என்று ஒருவர் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். பூவனநாதன். அந்தக் காலத்தில் ஒல்லிப் பையனாக எங்கள் வீட்டில் வந்து தங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்தவர். இப்போது பேராசிரியராம். இவருக்குச் சால்வையைப் போர்த்திவிட்டு, “இந்த ஆராய்ச்சிக்குத்தான் எனக்குப் பட்டம் கிடைச்சது. எல்லாம் உங்க புண்ணியம்” என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. மனம் நிறைந்துதான் சொன்னார்.

“பிள்ளைகளுக்குப் பல்லு ஏன் தம்பி இப்படி ஆச்சு?” என்று இவர் கேட்டார்.

“தண்ணிதான் அண்ணாச்சி. புளோரைடு. அளவுக்கு மேல இருந்தா, பிள்ளைங்களுக்கு ஈறுக்குள்ள பல்லு உருவாகும்போதே கெடுத்துடும். காலம் போகப் போக எலும்பையும் பிடிக்கும்.”

“அந்த உப்புத் தண்ணியா? அத யாரு குடிக்கா?”

பூவனநாதன் தட்டியில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். ஊர் எண் நான்கு என்று போட்டு, தெற்கே பச்சைப் புள்ளி, வடக்கே சிவப்புப் புள்ளி. “உப்புத் தண்ணியில கெடுதல் இல்ல. அதுல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி, புளோரைடு குறைச்சல். நாக்குக்குத்தான் பிடிக்காது. வடக்க இருக்கிற போர்லதான் அளவுக்கு மேல இருக்கு.”

என் மகளை நான் கரியை வைத்துத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன், உப்பை வைத்துத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அத்தனை காலமும் குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றியது அந்தத் தண்ணீரை. ஆசையாக ஊற்றினேன். அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முதல் வருஷம் வந்தபோது இந்தப் பூவனநாதன் எங்கள் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தார். மறு வருஷம் பாட்டிலோடு வந்தார். படிப்பு ஏற ஏறத் திமிரும் ஏறிவிட்டது என்று நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன்.

“தெரிஞ்சுதான் நீங்க பாட்டில் தண்ணி குடிச்சியளா?” என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “அறிக்கையை மேல அனுப்பினோம் அக்கா. புத்தகத்துல வந்துச்சு. வெளிநாட்டுல கூட வாசிச்சேன். ஊர்ப் பேரை மட்டும் போடக் கூடாதுன்னு விதி. நாளைக்கு உங்க ஊர்ப் பொண்ணுங்களை யாரும் ஒதுக்கிடக் கூடாது பாருங்க.”

இவர் தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்தார். “வெளியூருக்குச் சொல்ல வேண்டாம் சார். எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்லா?”

அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர் இப்போது சார் என்றார். அந்தப் போரைத் தோண்டுகையில் முதல் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்ட மனிதர். தட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து ஆறுதல் சொல்ல எனக்கு நேரமில்லை. வீட்டில் இருக்கிற பிள்ளை நினைவுதான் எனக்கு.

ஜெயப்பிரியாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “ஏட்டி, பிள்ளைக்கு என்ன குடுக்குத?”

“கஞ்சி. ஏம்மா?”

“எந்தத் தண்ணியில?”

“என்ன கேள்வி கேக்குத? நல்ல தண்ணியிலதான்.”

“கொட்டிரு. அடிபம்புல போயி உப்புத் தண்ணி பிடிச்சு அதுல காச்சிக் குடு.”

அவள் சிரித்தாள். வெயிலில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். தட்டியைச் சொன்னேன், சிவப்புப் புள்ளியைச் சொன்னேன். அவள் வாயைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“இவனுக்குப் பல்லு வெள்ளையாத்தானம்மா இருக்கு” என்றாள்.

போனைப் பூவனநாதன் பக்கம் நீட்டினேன். “எம் மக. ஒங்க படத்துல இருக்கவ. நீங்களே சொல்லுங்க.”

அவர் தயங்கித் தயங்கித்தான் வாங்கினார். “இப்ப இருக்கிறது பால் பல்லும்மா. விழுந்து முளைக்கப் போற பல்லு இப்ப ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கும். அந்தத் தண்ணியை இன்னைக்கே நிறுத்திடுங்க. இன்னும் சின்னப் பிள்ளைதான். நிறுத்தினா பெரும்பாலும் காப்பாத்திடலாம்.”

“பெரும்பாலும்னா?”

“இதுவரைக்கும் குடிச்சது என்ன செஞ்சிருக்கும்னு இப்பச் சொல்ல முடியாதும்மா.”

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். “இந்தத் தண்ணி ஆகாதுன்னு ஒங்களுக்கு எப்ப தெரியும் சார்?”

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

“நீ எட்டாம் வகுப்புப் போறதுக்கு முந்தியே தெரியும்மா” என்றார்.

என் பேரன் தண்ணீர் கேட்டு அழுகிற சத்தம்தான் அந்தப் போனில் வந்துகொண்டிருந்தது.