அம்பது கிலோ கொக்கி

நடக்க வராத மனுசன் சைக்கிள் ஓட்டுவாருன்னு சொன்னா யாரு நம்புவா. எங்க தெருவுக்குப் புதுசா வந்த பொண்ணு ஒருத்தி, எங்க வீட்டுக்காரரு கெர்பென் கடலணை மேல சர்ருன்னு சைக்கிள்ல போறதப் பாத்திருக்கா. அன்னைக்கு சாயங்காலமே வாசல்ல கால் ஒட்டிக்கிட்டு கால்மணி நேரம் அசையாம நிக்கிறதையும் பாத்திருக்கா. ஆளு நடிக்கிறாருன்னே முடிவு பண்ணிட்டா. எனக்கே மொத வருசம் அப்படித்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். பார்க்கின்சன் வந்தா சில பேருக்கு இப்படியாம். கால எடுத்து வைக்கிறது மறந்துடும், பெடல் மிதிக்கிறது மறக்காதாம். டாக்டரம்மா சொன்னாங்க.

ஆனா ஏறவும் இறங்கவும் ஆள் வேணும். ஏத்தி விட்டுட்டு நான் முந்திக்கிட்டுப் போகணும், முதல்ல இறங்கி, என் சைக்கிள ஓரமா சாத்திட்டு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நடு ரோட்டுல நிக்கணும். இவரு வந்து என் மேல சாஞ்சுதான் நிப்பாட்டுவாரு. எழுபத்திரண்டு கிலோ மனுசன். ரெண்டடி பின்னால போயித்தான் நிப்பேன். அதனால எங்க போனாலும் ரெண்டு சைக்கிளும் வரணும். இவரு சைக்கிள் மட்டும் வந்தா அது சும்மா இரும்பு.

சொல்ல வந்தது வேனுக்குப் பின்னால சைக்கிள் மாட்டுற ரேக்கு விசயம். மே மாசம் வந்தா நாங்க டெசல் தீவுக்குப் போவோம், உள்ளயே படுக்கை வச்ச கேம்பர் வேன்ல, பத்தொம்பது வருசமா. அங்க கலங்கரை விளக்கத்துக்குப் போற பாதைதான் இவருக்குக் கோயில் மாதிரி. முன்னாடி வேனோட பின்சுவத்துல நெஞ்சு உசரத்துக்கு ஒரு ரேக்கு இருந்துச்சு, அதுல சைக்கிளத் தூக்கி மாட்டிடுவாரு. இப்ப மோட்டார் வச்ச சைக்கிள். அத யாரு தூக்குறது? அதான் வேனுக்குப் பின்னால டிரெய்லர் இழுக்குற கொக்கி இருக்குல்ல, அதுல மாட்டுற ரேக்கு வாங்கலாம்னு குளிர்காலம் பூரா ஆராய்ச்சி. அது முழங்கால் உசரம்தான்.

அது என்ன ஒண்ணு ரெண்டா இருக்கு? சாய்மானம் வச்சு சைக்கிள உருட்டியே ஏத்துற ரேக்கு ஒண்ணு, அது நல்ல கனம். பின்கதவத் திறக்கணும்னா அப்படியே சரிச்சு விடுற ரேக்கு ஒண்ணு, அத சரிக்க காளைமாடு கணக்கா ஆள் வேணும். அலுமினியத்துல வெறும் சட்டம் மட்டும் உள்ளது ஒண்ணு, பதினஞ்சு கிலோதான், ஆனா சைக்கிளத் தூக்கி வைக்கணும். காலைல காபி வந்ததும் படங்களப் பரப்பிடுவாரு, கை நடுங்குறதுல ரேக்கும் ஆடும். யிக்கே, இதப் பாரு, அதப் பாருன்னு என்னையக் கூப்பிடுவாரு. நான் பிஸ்கட்டத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்.

எங்க வேன் பழசு. கொக்கி எவ்வளவு தாங்கும்னு அது அடியில ஒரு தகட்டுல அடிச்சிருப்பாங்களாம். இவரால குனிய முடியாது. எழுபத்து நாலு வயசுல நான் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு ஈரத் தரையில மல்லாந்து படுத்து வேனுக்கு அடியில போனேன். அம்பதுன்னு போட்டிருந்துச்சு. அம்பது கிலோ, அதுக்கு மேல ஒரு கிலோ கூடாது. ரேக்கும் சேத்துத்தான் அம்பது. வெளிய வந்து சொன்னதும் இவரு மூஞ்சி விழுந்துடுச்சு. எங்க சைக்கிள் ஒவ்வொண்ணும் இருபத்தேழுன்னு சைக்கிளோட குடுத்த புஸ்தகத்துல இருக்கு.

அன்னைலேருந்து சைக்கிள உரிக்க ஆரம்பிச்சாரு. பேட்டரி கழட்டி வேனுக்குள்ள வச்சுக்கலாம். கூடை போச்சு. பை போச்சு. பூட்டு போச்சு. என் சீட்டையும் கழட்டிட்டாரு. "மணியையும் கழட்டேன், அரைக் கிலோ வரும்"னேன். நெசமாவே கழட்டிட்டாரு.

பக்கத்து வீட்டு ஏல்கே உருளைக்கிழங்கு போடுறவன். மூட்டை நிறுக்குற பழைய மேடைத் தராசு ஒண்ணு அவன் கொட்டகையில கெடக்கு. அங்க போயி நிறுப்போம்னாரு. சைக்கிள் அந்த மேடையில தானா நிக்காது. பின்சக்கரத்துல செங்குத்தா நிமித்தி யாராவது கட்டிப் புடிச்சுக்கணும். ஏல்கே நான் புடிக்கிறேன்னான். இவரு விடல. முப்பத்தோரு வருசம் பால் லாரி ஓட்டின ஆளு இவரு, தினமும் எடைமேடையில ஏறி இறங்கின ஆளு, தராசுன்னா இவருக்குத் தனி மரியாதை. சைக்கிளக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மேடையில நின்னாரு. சைக்கிளப் புடிச்சா கையும் நடுங்காது, காலும் ஒட்டாது, அந்த ஒரு நிமிசம் பழைய கெர்பென் மாதிரியே இருந்தாரு.

முள்ளு எண்பத்தொம்பதுல நின்னுச்சு.

"எண்பத்தொம்பதுல எழுபத்திரண்டு போனா பதினேழு"ன்னாரு. "ரெண்டு சைக்கிள் முப்பத்து நாலு. ரேக்கு பதினஞ்சு. நாப்பத்தொம்பது. யிக்கே, ஒரு கிலோ மிச்சம்."

"பால்காரரே, நீங்க மட்டும் ஒருக்கா ஏறி நில்லுங்க, கழிச்சுப் பாப்போம்"னான் ஏல்கே.

"காலி லாரியோட எடை கதவுலயே எழுதியிருக்கும்டா. அத யாருடா தினமும் நிறுப்பா?"ன்னாரு இவரு.

எழுபத்திரண்டுங்கிறது இவரு ரிட்டயர் ஆனப்போ இருந்த எடை. அதுக்கப்புறமும் யாரு கேட்டாலும் எழுபத்திரண்டுதான். நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இருபத்தேழு கிலோ சைக்கிள் எப்படிப் பதினேழாச்சுன்னு எனக்காவது உறைச்சிருக்கணும். பேட்டரி கூடை எல்லாம் சேத்தா நாலு கிலோ வருமா? புஸ்தகக்காரன் எப்பவும் கூட்டித்தான் போடுவான்னாரு. சந்தோசமா இருந்தாரு. அந்த சந்தோசத்துல யாரு கணக்குப் பாக்குறது.

ரேக்குக்குன்னு தனியா வெள்ளை நம்பர் பிளேட்டு வேணும், வேன் நம்பரே அதுலயும் இருக்கணும். ரேக்கு வாங்குறதுக்கு முன்னாடியே போயி பிளேட்டச் செஞ்சு வாங்கிட்டாரு. அடுப்படி ஜன்னல்ல செடிக்குப் பக்கத்துல சாத்தி வச்சு, சாப்பிடும்போதெல்லாம் அதையே பாப்பாரு.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனோம், நான்தான் ஓட்டினேன். சைக்கிளையும் கொண்டாங்க, மாட்டிப் பாத்துடலாம்னு சொல்லியிருந்தாங்க. ஏல்கே வந்து இவரு சைக்கிளத் தூக்கி வேனுக்குள்ள கட்டில் மேல படுக்கப் போட்டுக் குடுத்தான். பழைய பெட்சீட்டு விரிச்சு, நோயாளியப் படுக்க வச்ச மாதிரி.

கடையில இருந்தது ஒரு பொண்ணு, முப்பது வயசிருக்கும், நல்லா கேட்டுக்கிச்சு. இவரு அந்தப் பதினஞ்சு கிலோ அலுமினிய ரேக்கக் காட்டி, தூக்கி வைக்க, தீவுல வேன் நிப்பாட்டித் தங்குற கேம்பிங்ல யாராவது கை குடுப்பாங்கன்னாரு. யார்கிட்டயும் கை குடுன்னு கேக்காத ஆளு. கொக்கி அம்பது, சைக்கிள் பதினேழுன்னு கணக்க ஒப்பிச்சாரு. அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் இவரு மூஞ்சியப் பாத்துச்சு. அப்புறம் மேல கம்பியில தொங்குற தராசக் கொண்டாந்து சைக்கிள மாட்டி இழுத்துச்சு.

"இருபத்திமூணு வருது சார்."

திரும்ப மாட்டச் சொன்னாரு. திரும்பவும் இருபத்திமூணு.

"அப்படின்னா மொத்தம் அறுவத்தொண்ணு ஆயிடும். அம்பது கொக்கியில நான் மாட்டித் தர மாட்டேன். வழியில ஒடிஞ்சுச்சுன்னா பின்னால வர்றவங்க மேலதான் விழும். ஒரு சைக்கிள்னா தாராளமா மாட்டலாம்"னுச்சு. இன்னொண்ண உள்ள கட்டில்ல போட்டுக்கிட்டு அவ்வளவு தூரம் போக முடியாது, பிரேக் போட்டா எங்க முதுகுலதான் வந்து விழும். கொக்கிய மாத்தலாமான்னு கேட்டேன். இவ்வளவு பழைய மாடல் வண்டிக்கு இதுக்கு மேல பலமான கொக்கி கெடையாதுன்னு கம்ப்யூட்டர்ல தேடிக் காட்டுச்சு. மோட்டார் இல்லாத சைக்கிள் வாங்கலாமேன்னுச்சு. எங்க ஊரு எதிர்காத்துல மோட்டார் இல்லாம இவரா? ஒரு காபி குடிக்கிறீங்களான்னு கேட்டுச்சு. நல்ல பொண்ணு.

எனக்கு அங்க நிக்கும்போதே புரிஞ்சு போச்சு. பதினேழுக்கும் இருபத்திமூணுக்கும் நடுவுல ஆறு. அந்த ஆறு கிலோ சைக்கிள்ல இல்ல. பெல்டுல புது ஓட்டை போட்டுக் குடுத்தது யாரு, நான்தானே. பெல்டுத் தோல் தளந்திருச்சுன்னு சொன்னாரு, நம்பிட்டேன்.

ஊரு வந்து சேந்தோம். வீட்டுக்குள்ள போகாம நேரா ஏல்கே கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போன்னாரு. ஏல்கே இல்ல, வயலுக்குப் போயிட்டான். என் தோளப் புடிச்சுக்கிட்டு மேடையில ஏறினாரு. கீழ குனிஞ்சு முள்ளப் பாத்தா விழுந்துடுவாரு. நீ பாத்து சொல்லுன்னாரு, தோள விட்டுட்டு.

எழுபத்திரண்டுன்னு சொல்லிடலாம்னு நாக்கு வரைக்கும் வந்துடுச்சு. சொன்னா என்ன ஆகும், கடைத் தராசு தப்புன்னு வேற ஊர்ல வேற கடைக்குப் போவோம், அங்கயும் தொங்க விட்டு இழுப்பாங்க. தராசு விசயத்துல இவருகிட்ட பொய் சொல்லவும் எனக்கு மனசு வரல.

"அறுவத்தாறு."

"ம்"னாரு. கொஞ்ச நேரம் மேடையிலயே நின்னாரு, கால் ஒட்டிக்கிட்டதா இல்ல சும்மா நின்னாரான்னு தெரியல. அப்புறம் சொன்னாரு, "இதுல கொடுமை என்னன்னா, நான் எவ்வளவு இளைச்சாலும் அந்தக் கொக்கிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

ஆளு பின்னாலயா தொங்கப் போறாரு, உள்ள உக்காந்துல்ல வருவாரு. சிரிச்சேன். இவரும் சிரிச்சாரு. அதுக்கப்புறம் நாங்க டெசல் பேச்ச எடுக்கல.

மறுநாள் கேம்பிங்குக்குப் போன் பண்ணி வரலன்னு நான் சொல்லிட்டேன். பத்தொம்பது வருசமா அதே அம்மாதான் எடுப்பாங்க. அடுத்த வருசம் பாப்போம்னு அவங்க சொன்னாங்க, நானும் ஆமாம்னேன். கூடை, பை, பூட்டு, சீட்டு, மணி எல்லாத்தையும் ஏல்கே திரும்ப மாட்டிக் குடுத்தான். இவரு ரெண்டு நாளு சைக்கிளத் தொடவே இல்ல.

மூணாம் நாளு பதினோரு மணிக்கு காபி முடிச்சுட்டு, அணை மேல போயிட்டு வருவோம்னாரு. ஏத்தி விட்டேன். போகும்போது காத்து முதுகுல இருந்துச்சு, நல்லாத்தான் போனாரு. திரும்பும்போது எதிர்காத்து, கொஞ்சம் பக்கவாட்டமா கடல்லேருந்து அடிச்சுது. அந்தக் காத்துல முப்பது வருசமா ஓட்டுறவரு. மோட்டார முழுசா வச்சும் சைக்கிள் கோணிக்கோணி புல் பக்கமே போச்சு. மோட்டார் முன்னால தள்ளும், காத்து ஓரமாத் தள்ளினா அது என்ன செய்யும்? ஆள்கிட்டதான் கனம் இருக்கணும். நான் வேகமா முந்திப் போயி, இறங்கி, என் சைக்கிளச் சாத்தக்கூட நேரமில்லாம கீழ போட்டுட்டு, கைய நீட்டிக்கிட்டு நின்னேன்.

வந்து மேல சாஞ்சாரு. நான் காலை அகட்டி ஊணிக்கிட்டுத்தான் நின்னேன், எப்பவும் போல ரெண்டடி பின்னால போவோம்னு. போகல. நின்ன எடத்துலயே நின்னேன்.

"நல்லாப் புடிச்சியே"ன்னாரு.

ஆமாம்னேன். வீடு வரைக்கும் ரெண்டு சைக்கிளையும் நான் உருட்டிட்டு வர முடியாது, இவராலயும் நடக்க முடியாது. ஏல்கேக்குப் போன் பண்ணிட்டு, அவன் வண்டி வர்ற வரைக்கும் காத்து படாத பக்கமா அணைச் சரிவுல உக்காந்திருந்தோம்.