ஒப்பீட்டுப் பிரிவு

பல்கலைக்கழகக் கல்வி ஆய்வு மையத்தின் குப்பைக்கூடையைக் கவிழ்த்தபோது, வாசிப்பு அட்டைகள் கொத்தாக மூட்டைக்குள் விழுந்தன. துப்புரவுத் தொழிலாளி கையை விட்டு எடுத்துப் பார்த்தாள். ஓரம் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது. படமும் எழுத்தும் பழுதில்லை.

"மேடம், இது வேண்டாததுதானே? எங்க வீட்டு வாயாடிக்குக் கொண்டுபோகவா?"

கணினி முன்னால் இருந்த ஆய்வாளர் பெண் நிமிர்ந்தாள். வயதில் சின்னவள். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவள்.

"உங்க பொண்ணு எந்த வகுப்பு அக்கா?"

"மூணாவது. நீங்க டீச்சர் அனுப்புறீங்களே, அதுக்குப் பக்கத்து ரூம்."

அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு இரண்டு பிரிவு. சீட்டுக் குலுக்கியதில் ஒன்றுக்கு மையத்தின் வாசிப்பு ஆசிரியை போனாள். மற்றது பழையபடியே. ஆண்டு முடிவில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தெருக்கதையெல்லாம் அளக்கிற வாயாடி, புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள்.

"கொடுக்கக் கூடாதுக்கா. அந்தப் பிரிவுப் பிள்ளைங்க கைக்குப் போனா ஆய்வே கெட்டுடும்."

"ஒரு பிள்ளை படிச்சாவா?"

"வித்தியாசம் தெரிஞ்சாதானே இந்த முறை நல்லதுன்னு சொல்ல முடியும்?" ஆய்வாளர் பெண் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அடுத்த வருஷம் உங்க பொண்ணு பிரிவுக்கும் டீச்சர் வருவாங்க. நானே கேட்டு வாங்கித் தர்றேன்."

"சரி மேடம். அதுவரைக்கும் வாயாலேயே வண்டி ஓட்டட்டும்."

சிரித்துக்கொண்டே அட்டைகளை மூட்டைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"பக்கத்து ரூம்ல ஒரே சிரிப்பும்மா. எல்லாரும் சத்தமா வாசிக்கிறாங்க. எங்களுக்கு எப்போ?" என்று மகள் கேட்கும்போதெல்லாம், "அடுத்த வருஷம்டி. மேடம் சொல்லியிருக்காங்க" என்பாள்.

ஆண்டு முடிந்தது. கூட்ட அறையில் நிதி கொடுத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீ கொடுக்கிற ஆள் வராததால் தட்டு அவள் கைக்கு வந்தது. திரையில் வரைபடம்; ஒரு நெட்டைத் தூண், பக்கத்தில் ஒரு குட்டைத் தூண்.

"டீச்சர் போன பிரிவு இது. போகாத பிரிவு இது," மையத்தின் இயக்குநர் சுட்டிக் காட்டினார். "இதைவிடத் தெளிவா ஒரு முடிவு கிடைக்காது." எல்லாரும் கை தட்டினார்கள்.

"அடுத்த வருஷம் அதே பள்ளியிலா?" என்றார் ஒருவர்.

"இல்லை. அங்க நம்ம வேலை முடிஞ்சுது. வேற ஊருக்குப் போறோம்."

கடைசி வரிசையில் அவள் டீயை வைத்தபோது ஆய்வாளர் பெண் தலை தூக்கவில்லை.

"கேட்டேன்க்கா," என்றாள் மெதுவாக. "ரெண்டு தடவை கேட்டேன்."

"டீ ஆறிடும் மேடம்."

முன்வரிசைக்குக் கொடுக்க அவள் குறுக்கே நடந்தாள். புரொஜெக்டர் வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. குட்டைத் தூண் அவளுடைய சீருடையில், இடுப்பளவுக்கு நின்றது.

"கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, மறைக்குது."

தட்டோடு சுவரோரம் ஒதுங்கினாள். தூண் திரைக்குத் திரும்பியது. முன்வரிசையில் ஒருவர் போனை உயர்த்தி அதைப் படம் எடுத்துக்கொண்டார்.